ஏழாவது ஆளின் நாலாவது கேள்வி

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரிகாலத்தில், ஸ்கந்தபுரத்தில் மலேரியா மருந்தகம் ஒன்றின் பின்பக்கக் கொட்டிலுக்குள் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அதற்குப் பொறுப்பு நான். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூசன் கொட்டிலில் ஆறு மாதம் பேசிக் மொழியில் புரோகிராம் எழுதப் படித்திருந்தேன். சண்டையால் இடம்பெயர்ந்து வந்த பிறகு அந்தப் படிப்பை வைத்து என்ன செய்வதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மருந்தகத்து டொக்டருக்குத்தான் தெரிந்திருந்தது.

அந்தக் கொம்பியூட்டர் கிளிநொச்சியிலிருந்து உழவு மெசின் இழுத்த பெட்டியில், மெத்தைக்குள் சுற்றி, நெல்லு மூட்டைகளுக்கு நடுவில் வந்ததாம். டொக்டர் வழி முழுக்க அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். தன்னுடைய உடுப்புப் பெட்டி எங்கேயோ விழுந்ததைக் கூடக் கவனிக்கவில்லை என்று சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் இரண்டே இரண்டு சேட்டுகள் இருந்ததால் அந்தக் கதையை நான் நம்பினேன்.

கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் வேலை செய்ய வேண்டுமென்றால் ஜெனரேற்றர் வேண்டும். ஜெனரேற்றருக்கு ஒரு அண்ணை இருந்தார். கிளிநொச்சியில் அரைக்கும் ஆலையில் வேலை செய்தவர். டீசல் கிடைக்காது என்பதால் மண்ணெண்ணெயில் ஓடுகிற மாதிரி அந்த ஜெனரேற்றரை மாற்றி வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒன்றரைப் போத்தல். போத்தலில் சுண்ணாம்பால் கோடு கீறி வைத்திருப்பார்.

“பத்து மணிக்குத் தொடங்கும், பன்னிரண்டுக்கு நிக்கும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “தங்கச்சி, நீர் எழுதி முடிச்சாலும் நிக்கும், முடிக்காட்டியும் நிக்கும்.”

சொன்னபடியே நிற்கும். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சத்தம் ஒரு மாதிரி இழுபடும். அதற்குள் பிளொப்பியில் எழுதிவைக்காவிட்டால் அன்றைய வேலை போய்விடும்.

கொட்டிலில் என்னோடு இன்னொருவர் இருந்தார். இரத்தம் பார்க்கிற அக்கா. முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண். வீட்டில் எல்லோரும் கடற்தொழில். ஒரு வள்ளத்திலிருந்து மற்ற வள்ளத்துக்குக் கேட்கிற குரலில்தான் அவா எதையும் சொல்வா. கொட்டிலின் கிழக்குப் பக்க யன்னலடியில் நுணுக்குக்காட்டியை வைத்து, அதன் கீழுள்ள சின்னக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து, அந்த வெளிச்சத்தில் நாள் முழுக்க இரத்தக் கண்ணாடித் துண்டுகளைப் பார்ப்பா. முகில் மூடினால் வானத்தைப் பார்த்து ஏசுவா. அப்போது அவா நாலு மாதக் கர்ப்பிணி. பத்து மணியானால் உப்பும் தூளும் தொட்டு நெல்லிக்காய் சாப்பிட வேண்டும். சனிக்கிழமைகளில் அவாவின் புருசன் சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு வருவார். அந்த வாசம் திங்கள் வரைக்கும் கொட்டிலில் நிற்கும்.

எனக்குத் தந்த வேலை இதுதான். கிராமங்களில் தொண்டு செய்கிறவர்கள் காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். மலேரியா என்று முடிவு போனால் அவர்களே குளிசை கொடுப்பார்கள். எத்தனை குளிசை என்பது வயதையும் நிறையையும் பொறுத்தது. அதைக் கணக்குப் பார்ப்பதில் பிழை வந்துகொண்டிருந்தது. அதனால் டொக்டர் ஒரு வழி யோசித்தார். ஊரில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் முன்கூட்டியே ஒரு அட்டை அடித்துக் கொடுத்துவிடுவது. வெள்ளைக் குளிசை முதலாம் நாள் எத்தனை, இரண்டாம் நாள் எத்தனை, மூன்றாம் நாள் எத்தனை, பிறகு மண்ணிறக் குளிசை எத்தனை, அதை எத்தனை நாள் போட வேண்டும். ஐந்து பெட்டி, ஐந்து எண். காய்ச்சல் வந்தால் அட்டையைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதுதான். தமிழ்த் தலைப்புகளை ரோணியோ பிரதி மெசினில் அடித்து வைத்தோம். எண்களை மட்டும் என்னுடைய புரோகிராம் அதன்மேல் அடிக்கும்.

“ஒண்டை மட்டும் மறந்திடாதேயும், பிள்ளை” என்றார் டொக்டர். “மண்ணிறக் குளிசை கர்ப்பிணிக்குக் குடுக்கப்படாது. ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கும் குடுக்கப்படாது.”

“ஓம் டொக்டர்.”

“நீர் ஓம் எண்டு சொல்லுவீர். உந்தப் பெட்டி ஓம் எண்டு சொல்லுமோ? ஒவ்வொரு நாளும் அட்டை அடிக்க முன்னம் அது சரியாச் செய்யுதோ எண்டு பாக்கிறதுக்கு ஒரு வழி செய்யும்.”

அதற்காக நான் இன்னொரு புரோகிராம் எழுதினேன். அதற்குப் பரிசோதகர் என்று பேர் வைத்தேன். பன்னிரண்டு கற்பனை ஆட்களை உண்டாக்கினேன். ஒன்பது மாதக் குழந்தை, பள்ளிக்கூடப் பிள்ளை, வயலுக்குப் போகிற ஆண், எழுபது வயதுப் பெரியவர் என்று. ஏழாவது ஆள் ஒரு கர்ப்பிணி. அக்காவின் வயதும் அக்காவின் நிறையும்தான். ஒவ்வொருவருக்கும் சரியான ஐந்து விடைகளையும் டொக்டர் தன் கையால் எழுதித் தந்தார். ஒரு கட்டளை தட்டினால் போதும். பரிசோதகர் தானாகவே பன்னிரண்டு பேரையும் அட்டைப் புரோகிராமிடம் அனுப்பி, வருகிற விடையை டொக்டரின் விடையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும். எல்லாம் பொருந்தினால் ஆங்கில எழுத்தில் “எல்லாம் சரி” என்று காட்டும். ஒன்று பொருந்தாவிட்டால் கீச்சென்று கத்திவிட்டு அந்த இடத்திலேயே நிற்கும்.

அந்த இடத்திலேயே நிற்பது எனக்குப் பெருமையாக இருந்தது. கண்டிப்பான வாத்தியார் மாதிரி, ஒரு பிழையைக் கண்டால் மேற்கொண்டு நகராது. பிழையை வைத்துக்கொண்டு ஏன் நகர வேண்டும்?

பிரச்சினை என்னவென்றால், பிழை என்று அது சொல்கிற இடத்தில் பிழை யாருடையது என்று எனக்குத் தெரியாது. நான் எழுதிய கணக்குப் பிழையா, டொக்டர் எழுதித் தந்த விடை பிழையா? அதைச் சொல்லக்கூடியவர் டொக்டர் மட்டும்தான். டொக்டரோ விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுக் கிராமம் கிராமமாகப் போய்ப் பின்னேரம்தான் வருவார். பின்னேரம் அவரிடம் கேட்பேன். அடுத்த நாள் பத்து மணிக்கு அதைத் திருத்துவேன். பரிசோதகர் ஓடும். இன்னும் இரண்டு ஆட்கள் தள்ளி, புதிதாக ஒரு இடத்தில் கீச்சென்று நிற்கும். திரும்பவும் டொக்டருக்குக் காத்திருப்பேன்.

இரண்டு கிழமை இப்படிப் போனது.

“என்ன பிள்ளை, ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கொண்டு வாறீர்” என்றார் டொக்டர் ஒரு பின்னேரம், சேற்றுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. “எல்லாத்தையும் சேத்து ஒருநாள் கேட்டா என்ன?”

“அடுத்த பிழை என்னெண்டு எனக்கே தெரியாது டொக்டர். இதைத் திருத்தினாத்தான் அது அடுத்ததைச் சொல்லும்.”

அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு அது பிழையாகவும் தெரியவில்லை.

ஜெனரேற்றர் அண்ணைக்கு விளங்கியது. “அப்ப தங்கச்சி, ஒரு பிழைக்கு ஒன்றரைப் போத்தல் எண்ணெய்” என்றார். அதற்குப் பிறகு காலையில் கயிற்றை இழுத்து ஜெனரேற்றரைத் தொடங்கிவிட்டு, யன்னலால் தலையை நீட்டி, “இண்டைக்கு எத்தினையாவது பிழை?” என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

கடைசியில் பரிசோதகர் ஏழாவது ஆளில் வந்து நின்றது. அந்தக் கர்ப்பிணி. மூன்றாம் நாள் வெள்ளைக் குளிசை. டொக்டர் ஒன்றரை என்று எழுதியிருந்தார். என் புரோகிராம் இரண்டு என்றது. அரைக் குளிசையை அது மேலே தூக்கி முழுசாக்குகிறது என்று எனக்கு உடனேயே விளங்கியது. அன்று பின்னேரம் டொக்டரிடம் கேட்டேன்.

அவர் களைத்துப் போயிருந்தார். மழை தொடங்கிவிட்டது. காய்ச்சல் கூடிக்கொண்டிருந்தது. “அரைக் குளிசையோ? அது பெரிய விசயமில்லை. ஒண்டரையோ ரெண்டோ எண்டு பேந்து யோசிச்சுச் சொல்லுறன். ஜெயபுரத்து அட்டையளை முதல் அடியும். உதுதான் கடைசிப் பிழையெண்டா எங்களுக்குத் தெரிஞ்ச பிழைதானே.”

எனக்கும் அது கடைசிப் பிழை மாதிரித்தான் இருந்தது. அடுத்த மூன்று நாளும் காலையில் பரிசோதகரை ஓட்டினேன். அது ஏழாவது ஆளில் கீச்சென்று நின்றது. “ஓம் ஓம், அது தெரியும்” என்று அதற்குச் சொல்லிவிட்டு அட்டை அடித்தேன். அச்சு நாடா மங்கிப்போனபோது முத்திரை குத்துகிற மையை நல்லெண்ணெயில் கரைத்து அதற்குப் பூசினோம். ஜெயபுரத்து அட்டைகள் எல்லாம் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் அடுக்காகச் சேர்ந்தன.

மூன்றாம் நாள் அக்கா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றா. “எனக்கும் ஒரு அட்டை அடி பாப்பம். என்ர பேரை மெசின் அடிக்கிறதை நான் ஒருநாளும் காணேல்லை.”

அடித்துக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தில் தன் பேரைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, அந்த அட்டையைத் தன்னுடைய செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டா.

அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல்.

மலேரியா மருந்தகத்தில் வேலை செய்கிறவளுக்கு மலேரியா வந்தால் அதில் ஒரு வெட்கம் இருக்கும். நுளம்பு வலைக்குள் படுங்கோ என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, வலையில் ஓட்டை தைக்காமல் படுத்தவள் நான். குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனாலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் விரலைப் பிடித்துக் குத்தினா.

இரத்தத்தைக் காய வைத்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்தா. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

“கண்டிட்டன்” என்றா. “மலேரியாதான். சாதாரண இனம்.”

“அப்ப சரி அக்கா. குளிசையைத் தாங்கோ, நான் போய்ப் படுக்கப் போறன்.”

“பொறு, நான் இன்னும் பாத்து முடிக்கேல்லை.”

அவா திரும்பவும் குனிந்தா. கண்ணாடித் துண்டை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தா. வாய் எண்ணிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

“அக்கா, அதுதான் கண்டிட்டீங்களல்லோ. போதும்தானே.”

“நூறு இடம் பாக்கவேணும். முப்பத்தாறுதான் பாத்தனான். கதையாதை, எண்ணிக்கை தவறும்.”

“ஒண்டு கண்டாப் பிறகு மிச்சம் என்னத்துக்கு?”

அவா தலையை நிமிர்த்தவில்லை. “ஒரு இனம் இருந்தா மற்ற இனம் இருக்கக் கூடாதெண்டு ஆரும் சட்டம் போட்டிருக்கினமே? முதல்ல தெரியிறது அநேகமாச் சின்னத் திருடன். அதைப் பிடிச்சிட்டு வீட்டை போனா, பெரியவன் உள்ளுக்கை இருப்பான்.”

நான் திரும்பவும் மேசையில் தலையை வைத்தேன். வெயில் கொஞ்சம் நகர்ந்தது. அவா கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைத் திரும்பப் பிடித்தா. எண்பதுக்கு மேலே எங்கேயோ வைத்து எண்ணுவதை நிறுத்தினா. அவாவின் பெரிய குரல் ஒருமுறை சின்னதாக வந்தது.

“இருக்குது, பிள்ளை. மற்றதும் இருக்குது.”

மற்றது என்றால் மூளைக்கு ஏறுகிற இனம். அன்றைக்கு டொக்டரைத் தேடி ஜெனரேற்றர் அண்ணையைச் சைக்கிளில் அனுப்பினா. டொக்டர் வந்து வேறு மருந்தும் சேர்த்துத் தந்தார். இந்தச் சாதாரணக் குளிசையோடு வீட்டில் படுத்திருந்தால் மூன்றாம் நாள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று பிறகு அம்மாவிடம் சொன்னாராம். அதை அம்மா எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னா.

ஐந்து நாள் படுத்திருந்தேன். வாயெல்லாம் கசப்பு, உடம்பெல்லாம் கடி, சொறிச்சல். நாலாம் நாள் காய்ச்சல் விட்டு, தலை தெளிந்து, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பரிசோதகரின் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகமாக வரவில்லை. ஏழாவது ஆளின் மூன்றாவது கேள்வியில் அது நிற்கிறது. அப்படியென்றால் ஏழாவது ஆளின் நாலாவது கேள்வியை அது ஒருநாளும் கேட்டதில்லை. எட்டாவது ஆளிலிருந்து பன்னிரண்டாவது ஆள் வரைக்கும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பிழையை முன்னால் நிற்பாட்டி வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று நினைத்து, ஒரு ஊருக்கு அட்டை அடித்திருக்கிறேன்.

கஞ்சியை வைத்துவிட்டு அம்மாவிடம் கொப்பி கேட்டேன். எழும்பின உடனே படிப்போ என்று அம்மா ஏசினா. படுத்தபடியே எழுதினேன். பிழையைக் கண்டால் நிற்காதே. எந்த ஆள், எந்தப் பெட்டி, என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போ. அறுபது கேள்வியும் முடிந்த பிறகு எழுதியதெல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லு. ஒரு வரியாவது இருந்தால் “எல்லாம் சரி” என்று சொல்லாதே.

நல்லகாலம், மழையால் ஜெயபுரம் போகிற பாதை சேறாகிக் கிடந்தது. பிஸ்கட் பெட்டி இன்னும் மேசையில்தான் இருந்தது. நான் திரும்பி வந்தது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை பாதை கொஞ்சம் இறுகிவிடும், பெட்டியைக் கொண்டுபோகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அன்று பத்து மணிக்கு விறுவிறென்று புதிய பரிசோதகரைத் தட்டினேன். டொக்டரின் விடைகளையும் புதிதாகத் தட்டினேன். முடிவைத் தாளில் எடுத்துப் பின்னேரம் டொக்டரிடம் காட்டலாமென்று பிரின்ரரைப் போட்டு, கட்டளையைக் கொடுத்தேன்.

பிரின்ரர் கத்தத் தொடங்கியது. ஒரு வரி, இரண்டு வரி, பத்து வரி. நிற்கிற மாதிரி இல்லை. தாள் மேசையால் இறங்கித் தரையில் சுருண்டது. அக்கா நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றா. யன்னலால் அண்ணையின் தலை வந்தது.

“என்ன தங்கச்சி, சீலை நெய்யிறீரோ?”

நாற்பத்தாறு பிழைகள். இரண்டாவது ஆளிலிருந்து ஒருவரும் தப்பவில்லை. ஐந்து நாள் காய்ச்சல் கிடந்து எழும்பி வந்தவளுக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அந்தத் தாள் முழுக்க மருந்துச் சீட்டெழுதலாம். தாளுக்கு அப்போது அவ்வளவு தட்டுப்பாடு.

அக்கா தாளைத் தரையிலிருந்து தூக்கி, வரி வரியாக விரலை வைத்துப் பார்த்தா. “பிள்ளை, இஞ்சை பார். வரவேண்டியது எண்டு போட்டிருக்கிற எண்ணெல்லாம் ஒரு இடம் முன்னுக்கு நிக்குது. ரெண்டாம் நாளின்ர விடை முதலாம் நாளுக்கை நிக்குது.”

உண்மைதான். விடைகளைத் தட்டும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டேன். அறுபது இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்பது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு பிழைதான். அது நாற்பத்தாறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது.

“அப்ப முந்தின மாதிரி நிக்கிறதுதான் நல்லதோ?” என்று அக்கா கேட்டா.

“இரத்தமே எடுபடாத கண்ணாடித் துண்டு வந்தா என்ன செய்வீங்கள்?” என்று நான் கேட்டேன்.

“திருப்பி அனுப்புவன். அதிலை நூறு இடம் ஏன் பாக்கவேணும்?”

அதையே நானும் செய்தேன். தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். விடைகள் அறுபதும் இருக்கின்றனவா என்று முதலில் எண்ணு. இல்லாவிட்டால் அதை மட்டும் சொல்லிவிட்டு நில், வேறொன்றும் கேட்காதே. இருந்தால் கடைசிவரை கேள். நான் அதைத் தட்டிப் பிளொப்பியில் வைக்கவும் ஜெனரேற்றரின் சத்தம் இழுபடவும் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திரும்பவும் ஓட்டினேன். இந்த முறை பிரின்ரர் மூன்றே வரி அடித்துவிட்டு நின்றது. நான் மூச்சு விட்டேன். பிறகு அந்த வரிகளை வாசித்தேன்.

மூன்றும் ஏழாவது ஆள். முதல் வரி எங்களுக்குத் தெரிந்தது, ஒன்றரைக்குப் பதிலாக இரண்டு. இரண்டாவது வரி, மண்ணிறக் குளிசை: வர வேண்டியது பூச்சியம், வந்தது இரண்டு. மூன்றாவது வரி, மண்ணிறக் குளிசை நாட்கள்: வர வேண்டியது பூச்சியம், வந்தது ஐந்து.

கர்ப்பிணிக்கு மண்ணிறக் குளிசை, ஐந்து நாளைக்கு.

இரண்டாவது வரியை மட்டும் கண்டிருந்தால் குளிசைக் கணக்கில் பிழையென்று ஒரு நாள் முழுக்க அங்கே தேடியிருப்பேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால் எனக்கு உடனே விளங்கியது. கணக்கில் பிழையில்லை. அந்தப் பெண் கர்ப்பிணி என்றே என் புரோகிராமுக்குத் தெரியவில்லை. அவளை வேறு எந்தப் பெண்ணைப் போலவும் நினைத்து, அந்தக் கணக்கைச் சரியாகவே செய்திருக்கிறது. கர்ப்பிணி என்பதற்கு நான் ஆங்கில எழுத்து ‘கே’ போடுவேன். பெரிய எழுத்தில் போட்டால் மட்டும்தான் புரோகிராம் அதை ஏற்றுக்கொண்டது. சின்ன எழுத்தில் போட்டால் கண்டுகொள்ளவில்லை. ஏழாவது ஆளுக்கு நான் போட்டிருந்தது சின்ன எழுத்து.

“அக்கா” என்றேன். “உங்கட அட்டை எங்கை?”

அவா செபப் புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்த அட்டையை என்னிடம் நீட்டப் போய், நீட்டாமல் தானே பார்த்தா. நாலாவது பெட்டியில் இரண்டு. ஐந்தாவது பெட்டியில் ஐந்து.

முதலில் சிரித்தா. “பார் உன்ர மெசின்ர வேலையை” என்றா. பிறகு சிரிப்பு நின்றது. ஒரு கை தானாக வயிற்றில் போய் நின்றது. “இந்தக் குளிசையை ஆருக்குக் குடுக்கப்படாதெண்டு எனக்குத் தெரியும். ஏழு வரிசமாத் தெரியும். நானே வாசிக்காமல் பேரைப் பாத்துச் சந்தோசப்பட்டுப் புத்தகத்துக்குள்ளை வைச்சிட்டன். ஜெயபுரத்திலை இருக்கிற பிள்ளையள் என்னெண்டு வாசிச்சுப் பாக்கப் போகுதுகள்?”

நான் பிஸ்கட் பெட்டியைத் திறந்தேன். இருவரும் நிலத்தில் பாயை விரித்து அட்டைகளைப் பரப்பினோம். மருத்துவிச்சி அம்மா தந்த பட்டியலில் ஜெயபுரத்தில் கர்ப்பிணிகள் ஆறு பேர். இரண்டு பேருக்குப் பெரிய எழுத்துப் போட்டிருந்தேன். அவர்களின் அட்டை சரி. மற்ற நாலு பேருக்கும் சின்ன எழுத்து. நாலு அட்டையிலும் மண்ணிறக் குளிசை. அந்த நாலையும் தனியே எடுத்து அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டா. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் டொக்டர் வரும்வரை அவா அதைக் கீழே வைக்கவில்லை.

டொக்டர் பின்னேரம் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்து, சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவர் சேற்றுச் சப்பாத்தோடு அப்படியே பாயில் உட்கார்ந்தார். நாலு அட்டையையும் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அடியும் எண்டு சொன்னது நான்” என்றார். “தெரிஞ்ச பிழைதானே எண்டு சொன்னதும் நான்தான். நீர் அழாதேயும்.”

“எழுத்தைச் சின்னனாப் போட்டது நான்தானே டொக்டர்.”

“அதை இண்டைக்குக் கண்டுபிடிச்சதும் நீர்தானே. ஒரு அட்டையும் வெளியிலை போகேல்லை.” பிறகு தாளை வாங்கி அந்த மூன்று வரியையும் திரும்ப வாசித்தார். “இப்பிடிச் சேத்துக் கொண்டு வாரும் எண்டுதானே நான் அண்டைக்கே கேட்டனான்.”

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அந்த இடத்திலேயே அரைக் குளிசைக்கும் முடிவு சொன்னார். ஒன்றரைதான் சரி, குளிசையில் நடுக்கோடு இருக்கிறது, உடைக்கலாம், அட்டையில் ஒன்றரை என்றே வரட்டும். பத்து நாளாகப் பேந்து பேந்து என்று தள்ளிய விசயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

சனிக்கிழமை அண்ணை கேட்காமலே இன்னுமொரு போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றினார். பத்துக்குத் தொடங்கி இரண்டரை வரைக்கும் ஓடியது. சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்றென்று புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பரிசோதகரை ஓட்டினேன். “எல்லாம் சரி” என்று வந்தது. எனக்கு நம்பிக்கையில்லை. வேண்டுமென்றே இரண்டு விடைகளைப் பிழையாக மாற்றி ஓட்டினேன். இரண்டையும் சொன்னது. சரியாக்கி ஓட்டினேன். திரும்பவும் “எல்லாம் சரி”. பிறகுதான் ஜெயபுரத்து அட்டைகள் முழுவதையும் முதலிலிருந்து அடித்தோம். அக்கா ஒவ்வொன்றையும் நுணுக்குக்காட்டியில் பார்க்கிற மாதிரிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துப் பெட்டிக்குள் வைத்தா. நடுவில் கருவாட்டோடு வந்த அவாவின் புருசனையும் பிடித்து உட்கார்த்தி, பாதியை அவரிடம் வாசிக்கக் கொடுத்தா.

திங்கள் டொக்டர் பெட்டியைக் கொண்டுபோனார். அதே கிழமையில் மற்ற ஊர்களின் அட்டைகளையும் தொடங்கினோம். ஒவ்வொரு காலையும் பரிசோதகர் ஓடும். புரோகிராமில் ஏதாவது மாற்றியிருந்தால் சில நாள் ஒரு வரி வரும், சில நாள் நாலு வரி. பின்னேரம் டொக்டரிடம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொடுப்பேன். அவர் ஒவ்வொன்றுக்கும் எதிரே பேனையால் விடை எழுதித் தருவார். அக்காவுக்குச் சித்திரையில் மகள் பிறந்தாள். குரலில் தாயை வெல்வாள் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அட்டைகள் போய் மூன்று கிழமை கழித்து ஜெயபுரத்திலிருந்து ஒருவர் சைக்கிள் மிதித்து வந்தார். அங்கே மருந்து கொடுக்கிற தொண்டர், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். கையில் ஒரு அட்டை. அதைக் கண்டதும் நானும் அக்காவும் வாசலுக்கு ஓடினோம்.

“அட்டையிலை பிழையோ?” என்று கேட்டேன்.

“இல்லை இல்லை, எல்லாம் வடிவா இருக்குது” என்றார் அவர். “ஒரு சந்தேகம்தான். இந்தப் பிள்ளைக்கு முதலாம் நாள் குளிசை குடுத்தனான். பத்து நிமிசத்திலை முழுக்க வாந்தி எடுத்திட்டுது. திரும்பக் குடுக்கிறதோ, விடுகிறதோ? அட்டையிலை அதுக்கு ஒரு பெட்டியும் இல்லை.”

அறுபது கேள்வியிலும் அது இல்லை. டொக்டரின் மனதிலும் அது வந்திருக்கவில்லை. வந்தவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வைக்கச் சொல்லிவிட்டு, டொக்டர் வருவதற்குள் கேட்டுவைக்க வேண்டியதையெல்லாம் கேட்டு எழுதுவதற்குக் கொப்பியை எடுத்தேன்.

“வேற என்னென்ன இல்லை?” என்று கேட்டேன். “ஒண்டோடை நிக்காதேங்கோ. நினைவு வாறது எல்லாத்தையும் சொல்லுங்கோ.”

அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். ஒரு பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்துக்குத் திருப்பினேன்.